என் வடைச்சட்டியும் உன் மாமனாரின் தேங்காயெண்ணெயும்

பாண்டி,

நீ குமுளியிலிருந்து இறங்கி வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. ஏன் வரவில்லை என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அன்றைக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உன் பெரியம்மா சோற்றைக் கொண்டுவந்து வைக்கிற நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "நீ நான் பெத்த மகனா இருந்தா என் சட்டியக் கவுக்கச் சொல்லுவியாலே?" நீ கழுவிய கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாய், வண்டியை எடுத்தாய். லோயர் கேம்ப் ரோட்டில் உன் வண்டிச் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் உன் பெரியம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த வாய வச்சுக்கிட்டுத்தான் நீங்க எண்ணெயப் பத்திப் பேசுறீகளாக்கும்! மொதல்ல அதக் காய்ச்சி வடிகட்டணும்" என்றாள். அன்றைக்கு வைத்த கோழிக்குழம்பை வீட்டில் யாரும் தொடவில்லை.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பாய். "சொல்லுங்க பெரியப்பா" என்பாய். அந்தக் குரலில் உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. அதனால்தான் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நம் தெருப் பையன்கள் நடத்துகிற மாதப் பத்திரிகையில், இந்த வாரம் வருகிற இதழிலேயே இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நான் எழுதிய பெருமையில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் ஒன்பதாம் வகுப்பு வாத்தியாரே என்னிடம் கணக்கில் சந்தேகம் கேட்டிருக்கிறார். அது வேறு கதை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமனார் சசிதரன் மேல் எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை. வெறும் வயிற்றில் பச்சை மிளகாயைக் கடித்தால் நெஞ்சுக்குழியில் ஒரு எரிச்சல் எரியுமே, அந்த மாதிரிப் பொறாமை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஒரு மனிதன் தன் பிள்ளையை இன்னொருவன் வீட்டு மாடியில் குடிவைத்துவிட்டு, கீழே மலையடிவாரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் பொறாமைப்படாமல் வேறு என்ன செய்வான்?

உன் அப்பா, என் தம்பி, போனபோது உனக்கு நாலு வயது. அடுத்த வருஷமே உன் அம்மாவும் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உன்னைத் தூக்கிவந்து உன் பெரியம்மா மடியில் போட்ட அன்றைக்கே நான் உனக்கு அப்பன் ஆகிவிட்டேன். கூப்பிடுவது மட்டும் பெரியப்பா. ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே நான் போட்டிருக்கிற வடைக்கடைதான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் அனுப்பியது. ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குப் போகிற பொம்பளைகள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் என் பருப்பு வடையை வாங்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். என் வடை வாசம் மலைமேல் வரைக்கும் போகும். ஒரு தடவை மேகமலையிலிருந்து ஒற்றை யானை ஒன்று இறங்கி, வாசம் பிடித்துக்கொண்டே நம் ஊர் எல்லை வரைக்கும் வந்து நின்றதை வனத்துறை ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். வாழைக்காக வந்தது என்று சில பேர் சொல்வார்கள். நம்பாதே.

சனிக்கிழமை தோறும் உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, இரண்டு மிளகைப் போட்டு, உச்சந்தலையில் வைத்துத் தட்டுவேன். நீ வழுக்கிக்கொண்டு ஓடுவாய். எண்ணெய் பூசிய பிள்ளையைப் பிடிப்பது விரால் மீனைப் பிடிப்பது மாதிரி. தெருவெல்லாம் துரத்தியிருக்கிறேன். உனக்குக் கல்யாணம் ஆகி வந்த முதல் தீபாவளி மாமனார் வீட்டில்தான் என்பது வழக்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் பழக்க தோஷத்தில் எண்ணெயைச் சூடு பண்ணிவிட்டேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உனக்குப் போன் போட்டேன். "தலைக்கு எண்ணெய் வச்சாகளாப்பா?" "வச்சாக பெரியப்பா." "என்ன எண்ணெய்?" "தேங்காயெண்ணெய். அவுக வீட்டுத் தேங்கா. கமகமன்னு இருந்துச்சு." தீபாவளிக்குத் தேங்காயெண்ணெய்! குச்சனூர் சனீஸ்வரனுக்கே நல்லெண்ணெய் விளக்குதான் போடுகிறோம். நான் போனை வைத்தேன். அந்தக் கிண்ணத்து எண்ணெயை என் தலையிலேயே கொட்டிக்கொண்டேன். கண்ணெல்லாம் எரிந்தது.

அதற்கு முன்னால் கல்யாணத்திலேயே தொடங்கிவிட்டது இது. சம்பந்திக்கு அறுபது தாண்டியும் தலை கறுகறுவென்று இருந்தது. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்களோ இல்லையோ, பெண்ணின் அப்பா தலையைத்தான் பார்த்தார்கள். நீயும் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்படி?" என்று கேட்டாய். அவர் கையைத் தூக்கி, "வெளிச்செண்ணெ, மோனே! வெளியிலயும் அதுதான், உள்ளயும் அதுதான்" என்றார். அவர்கள் பாஷையில் தேங்காயெண்ணெய்க்கு அதுதான் பெயராம். பக்கத்தில் நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். என் தலையில் இருக்கிறது நாலு முடி, அதுவும் சாமிக்கு நேர்ந்துவிட்டது மாதிரி தனித்தனியாக நிற்கிறது. அன்றைக்கு உன் இலையில் சாம்பார் கொஞ்சம் வழிந்ததே, கை தவறி வழியவில்லை.

பிறகு நீ செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தாய். யாரோ ஒரு வெளிநாட்டு ஆள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விதையிலிருந்து எடுக்கிற எண்ணெயெல்லாம் விஷம், சூரியகாந்தி விஷம், கடலை விஷம், எள்ளும் விஷம் என்று பேசுகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாய். "பெரியம்மா, எனக்கு மட்டும் இதுல தாளிச்சுருங்க." என் வீட்டு அடுப்பில் உன் மாமனார் வீட்டு எண்ணெய்! உன் பெரியம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலைக் குளிரில் அது பாதி உறைந்து, வெள்ளையாக அடியில் கிடந்தது.

"இத ஊத்துறதா, வெட்டி எடுக்குறதா?" என்றாள்.

"விதை எண்ணெய் ஒடம்புக்கு ஆகாது பெரியம்மா."

நான் விடுவேனா! "ஏலே, தேங்கா என்ன வேரா? கெழங்கா? மண்ணுல போட்டா மொளைக்குதா இல்லையா?"

"மொளைக்கும்."

"மொளைக்கிறது விதைதான? உலகத்துலயே பெரிய விதை அதுதான்டா! ஒன் மாமனாரு குண்டு விதையப் புழியிறாரு, நான் பொடி விதையப் புழியிறேன். இதுல அவரு எங்கன ஒசந்துட்டாரு?"

நீ சிரித்தாய். உன் பெரியம்மாவும் சிரித்தாள். ஆனால் தாளித்தது அந்த எண்ணெயில்தான். நீ சோற்றைப் பிசைந்து, வாசனை பிடித்து, கண்ணை மூடிச் சாப்பிட்டாய். வாதத்தில் நான் ஜெயித்தேன். தட்டில் அவர் ஜெயித்தார்.

ஓணத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் உன் பெரியம்மாவும் வேட்டி சேலை எல்லாம் புதுசாகக் கட்டிக்கொண்டு வந்தோம். சும்மா சொல்லக்கூடாது, இலை நிறைய விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் சம்பந்தி ஒரு ஸ்பூனில் தேங்காயெண்ணெயை ஊற்றி, மருந்து குடிப்பது மாதிரி வாயில் விட்டுக்கொண்டார். தினம் காலையில் ஒரு ஸ்பூனாம். இன்றைக்கு விருந்தாளிகள் வந்த சந்தோஷத்தில் இரண்டாவது ஸ்பூனாம். நீ அதை அதிசயம் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு உள்ளே எரிந்தது. "சம்பந்தி, நீங்க ஸ்பூன்ல குடிக்கிறீக. எங்க ஊருல டம்ளர்ல குடிப்போம்" என்றேன். உன் பெண்டாட்டி ஸ்மிதா, "மாமா, வேண்டாம்" என்றாள். நல்ல பிள்ளை அவள். உன் பெரியம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நான் பையில் கொண்டுவந்திருந்த நல்லெண்ணெயைத் திறந்து டம்ளரில் ஊற்றி, ஒரே மடக்கில் இறக்கினேன். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஊரறிய எழுதவேண்டிய அவசியமில்லை. ஆனால் ஜீப் டிரைவர் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டான். குமுளி மலையில் எத்தனை வளைவு இருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை வளைவிலும் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். "என்ன பெருசு, ஒவ்வொரு வளைவுலயும் எறங்கிச் சாமி கும்பிடுறீகளா?" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த ஏலத்தோட்டப் பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "வடைக்கடைக்காரரு இன்னைக்குத்தான் அவரு எண்ணெயில அவரே விழுந்துட்டாரு" என்றாள். உன் பெரியம்மா திட்டாமல் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தாள். அதுதான் பெரிய அவமானம்.

இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் ஸ்மிதா என்னையும் சம்பந்தியையும் தேனிக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுக்க வைத்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் பேச்சு நறுக்கென்று இருந்தது. முடிவு வந்ததும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் கொழுப்பு கூடத்தான் இருக்கு. சசிதரன் ஐயாவுக்குக் கெட்ட கொழுப்பு இன்னும் கொஞ்சம் கூட" என்றார். பாண்டி, நான் இதை மறைக்கப் போவதில்லை, அந்த நேரத்தில் எனக்குள் ஒரு வெடி வெடித்தது. தீபாவளி எண்ணெய்க்கு எல்லாம் சேர்த்து வெடித்த வெடி.

டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். எள்ளும் கடலையும் சூரியகாந்தியும் விஷம் இல்லையாம். சொல்லப்போனால், நெய், தேங்காயெண்ணெய் மாதிரி கெட்டியாகிறதைக் குறைத்துக்கொண்டு இந்த விதை எண்ணெய்களை அளவாகச் சேர்த்தால் இருதயத்துக்கு நல்லதாம். தேங்காயெண்ணெயை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், மீன்குழம்புக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் மருந்து மாதிரி ஸ்பூனில் குடிப்பதை விட்டுவிட வேண்டுமாம். "டம்ளரிலயும்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஸ்மிதா எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள். நான் விடாமல், "டாக்டரம்மா, அந்த எண்ணெய் குளிருல கல்லா ஒறைஞ்சிருதே, அப்ப ரத்தத்துலயும் ஒறையும்தான?" என்று கேட்டேன். "அப்படி இல்ல ஐயா. பாட்டில்ல ஒறையறதும் ஒடம்புக்குள்ள நடக்கறதும் வேற வேற. ஆனா கெட்ட கொழுப்பை ஏத்துற குணம் அதுக்கு உண்டு, அது வரைக்கும் நிஜம்" என்றார். பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று பங்கு வைத்தது மாதிரி இருந்தது.

கடைசியில் என்னிடம் வந்தார். "நீங்க வடைக்கடை வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுறீங்களா?" நான் மார்பைத் தட்டி, "என் சட்டி காலியானதே இல்ல டாக்டரம்மா! குறையக் குறையப் புது எண்ணெய் ஊத்துவேன். பழைய எண்ணெய் கலந்தாத்தான் வடைக்கு நெறமே வரும்" என்றேன். இது என் தொழில் ரகசியம். அவரிடம் சொன்னது பெருமைக்குத்தான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுதான் ஐயா நீங்க எல்லாரும் பண்ற தப்பு. எந்த எண்ணெய்னு சண்டை போடுறீங்க. எள்ளோ, கடலையோ, தேங்காயோ, கறுத்து, பிசுபிசுத்து, புகைஞ்சுபோற வரைக்கும் காய்ச்சினா எல்லாம் கெடுதல்தான். அதைச் சாப்பிடறவங்களுக்கும் கெடுதல், அந்தப் புகையில நிக்கிற உங்களுக்கும் கெடுதல்." நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. மாடிப்படி இறங்கினோமே, அப்போதுதான் எனக்கு முள் குத்தியது. நீ உன் மாமனாருடைய கையைப் பிடித்துக்கொண்டாய். ஒவ்வொரு படியாக, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே இறக்கினாய். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு பேருக்கும்தானே கொழுப்பு? அவருக்கு மட்டும் கையா? பஸ்ஸில் திரும்பும்போது, கூட வந்திருந்த உன் பெரியம்மாவிடம் இதைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவுகளுக்கு முட்டு வலி, புடிச்சான். நீங்க என்ன பண்ணுனீக? 'எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல, இன்னும் ரெண்டு மாடி இருந்தாலும் ஓடியே எறங்குவேன்'னு சொல்லிட்டு வெறச்சுக்கிட்டு நின்னீக. ஒங்களப் புடிக்க வந்தா ஒங்களுக்குக் கோவம் வருமேன்னு அவன் பயந்தான்" என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே நான் என் கையை யாரும் தொடாதபடி செய்துவிட்டேன் போலிருக்கிறது. பஸ் சின்னமனூர் தாண்டுகிற வரைக்கும் நான் ஜன்னல் வழியாகத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் புண்ணோடு இருந்தவனிடம்தான் நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாய். வந்து நல்ல விஷயம்தான் சொன்னாய். "பெரியப்பா, அன்னன்னைக்குக் காய்ச்சுன எண்ணெய மறுநாளைக்கு வைக்க வேணாம். கடை கட்டும்போது சட்டியக் கவுத்துருங்க." அதோடு நிறுத்தியிருந்தால் நான் முணுமுணுத்துக்கொண்டே கேட்டிருப்பேன். நீ மேலும் ஒரு வாக்கியம் சொன்னாய். "அப்பாவும் அதத்தான் சொன்னாரு."

அப்பா என்றதும் ஒரு கணம் என் தம்பி ஞாபகம் வந்தது. செத்துப்போனவன் எப்படி எண்ணெயைப் பற்றிச் சொல்வான் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. பாண்டி, பல்லு முளைத்து, பள்ளிக்கூடம் போய், மீசை வைத்து, கல்யாணம் பண்ணுகிற வரைக்கும் நீ என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டாய். அதுதான் முறை, நான் கேட்கவும் இல்லை. அவருக்கு அது ஒரே வருஷத்தில் கிடைத்துவிட்டது. ஸ்மிதா கூப்பிடுவதைக் கேட்டு உனக்கும் வாயில் வந்திருக்கும், தப்பில்லை. ஆனால் அந்த வார்த்தை என் காதில் விழுந்த இடம் அப்படி. அந்த எரிச்சலில்தான், நீ நான் பெற்ற மகனாக இருந்தால் என்று சொன்னேன். சட்டிக்காகச் சொல்லவில்லை. அந்தப் பழைய எண்ணெய் என்ன தங்கமா?

நீ போன மறுநாளே சட்டியைக் கவிழ்த்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, உன் மாமனார் சொன்னதற்காக நிச்சயமாக இல்லை. எனக்கே தோன்றியது என்று வைத்துக்கொள். அடியில் தார் மாதிரி ஒட்டியிருந்தது. தேய்த்துத் தேய்த்து உன் பெரியம்மாவுக்குத் தோள்பட்டை வலித்தது, பாதியை நான் தேய்த்தேன். இப்போது காலையில் கடலை எண்ணெய் புதுசாக ஊற்றுகிறேன், அளவாக ஊற்றுகிறேன், புகைய விடுவதில்லை, மிச்சத்தைச் சோப்புக் காய்ச்சுகிறவர் எடுத்துப் போகிறார். முதல் நாள் வடை வெளுத்துப்போய் இருந்தது. ஜீப் ஏற வந்த பொம்பளைகள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வடைக்குக் காமாலையா?" என்றார்கள். தின்று பார்த்தார்கள். மறுநாளும் வாங்கினார்கள். ஒருத்தி, "மலை ஏறும்போது நெஞ்சக் கரிக்கல" என்றாள். இப்போது தேனி ஜில்லாவிலேயே இந்த மாதிரி வடை போடுகிற ஒரே ஆள் நான்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். யார் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காதே.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை கடை வாசலில் ஒரு ஜீப் நின்றது. உன் மாமனார் இறங்கினார். தனியாக. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு வடையைத் தாளில் வைத்து நீட்டினேன். அவர் அதைப் பிய்த்துப் பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"எண்ணெ மாத்தியோ?" என்றார்.

"மாத்தலை. கவுத்துட்டேன்."

"நன்னாயி." மிச்சத்தையும் தின்று முடித்தார். பிறகு, "சம்பந்தி, ஒரு காரியம் பறையட்டே?" என்றார். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாண்டி எங்க வீட்டில சோறு திங்கறதில்ல. விசப்பில்ல, பசியில்லன்னு சொல்லிட்டு மாடியில கெடக்குறான். ஸ்மிதா அவியல் வச்சா, மீன் வச்சா, எதுவும் வேண்டா. மற்ற நாளும் அப்படித்தான். எது குடுத்தாலும், நல்லா இருக்குன்னு சொல்லுவான். அப்புறம் மெல்ல, 'வீட்டில வேற மாதிரி வைப்பாங்க'ன்னு சொல்லுவான். அவன் வீடுன்னு சொல்றது ஞான் கட்டிக் குடுத்த மாடிய இல்ல. இந்தக் கூடலூர."

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு உங்க மேல அசூயை உண்டு, கேட்டோ" என்றார். "கல்யாணத்தன்னைக்கே உண்டு. நீங்க சாம்பார் ஊத்தினப்போ இலை நெறஞ்சு வழிஞ்சது. அவன் ஒண்ணும் பறையாம, அத வழிச்சு வழிச்சுத் தின்னான். என் மோள் கையால வச்சத ஒரு நாளும் அப்படித் தின்னதில்ல."

அந்த ஆளுக்குப் போய் என் மேல் பொறாமை! கறுத்த தலை, மாடி வீடு, தென்னந்தோப்பு எல்லாம் வைத்துக்கொண்டு! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு இன்னொரு வடை வைத்தேன். டாக்டரம்மா திட்டுவார் என்று அவர் பாதியைப் பிய்த்து எனக்கே திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி தின்றோம். அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஜீப்பில் ஏற முடியாமல் முட்டு பிடித்துக்கொண்டது. நான்தான் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டேன்.

ஆகவே, பாண்டி, நான் உனக்குப் புத்தி சொல்லவேண்டியதை இப்படிச் சொல்லி முடிக்கிறேன். கறுப்புச் சட்டைக்காரன் சொன்னான் என்று எந்த எண்ணெயையும் விஷம் என்று சொல்லாதே. உன் மாமனார் சொன்னார் என்று எதையும் அமுதம் என்றும் சொல்லாதே. எது ஊற்றினாலும் கொஞ்சமாக ஊற்று, ஒரு தடவை காய்ச்சு, அதோடு விடு. ஸ்மிதா வைக்கிற மீனைப் பசியில்லை என்று ஒதுக்காதே, அந்தப் பிள்ளை முகம் வாடும். நீ எனக்கு மகன் இல்லை என்று நான் இன்னொரு தடவை சொன்னால், செருப்பை மாட்டாதே. உட்கார்ந்து சோற்றைத் தின்றுவிட்டு, அதற்கப்புறம் என்னைத் திட்டு. வெறும் வயிற்றோடு உன்னை அனுப்பிவைத்தேன் என்கிற ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோழி அடிக்கிறோம். உன் பெரியம்மா இப்போதே மசாலாவுக்கு வறுத்துவிட்டாள். ஸ்மிதாவைக் கூட்டிக்கொண்டு வா. சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வா, நான் கூப்பிட்டேன் என்று சொல். தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாலும் கொண்டுவரட்டும், மீனுக்கு ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் பந்தி போடுவது என் வீட்டில், இலை போடுவது நான். அவர் இலையை எதிர் வரிசையில்தான் போடுவேன். மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல இடம், குறை சொல்ல முடியாது. நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் பார்க்கிற மாதிரி.

கூடலூர் ஜீப் ஸ்டாண்டு எதிரிலிருந்து,
உன் பெரியப்பன்